மேளம் – 1 செட்

அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் ஏற்பாட்டாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் பதினேழு வரி. கலசம், ஹோமச் சாமான், வாத்தியார் நாலு பேர், மாலை, கூரைப்புடவை, போட்டோ, வீடியோ, காலை டிபன் நூறு இலை, மதியம் நூற்றைம்பது இலை என்று போய், பதினாலாவது வரி 'மேளம் – 1 செட்'. அடுத்த வரி 'பாத்திர வாடகை'. மெல்போர்னில் ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் படித்துவிட்டுப் பெங்களூரில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, மேளத்தை மட்டும் நாமளே தனியாப் பாத்துக்குவோம்."

"கோயில்ல நடக்கிறது நடக்கட்டும். வீட்டுல ஒரு சாயங்காலம் வெச்சுக்கலாம். அப்பா கேக்கணும், அவ்வளவுதானே" என்றான்.

அப்பா மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்காரர். மேற்கே கொஞ்ச தூரத்தில் திருவாவடுதுறை. எட்டு வயதில் தாத்தாவோடு நடந்துபோய் நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டதாக ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளை 1956-ல் காலமானபோது அப்பாவுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. கணக்கு இடிக்கவில்லை. அம்மாதான் நம்புவதில்லை. "எட்டு வயசுப் புள்ளைக்குத் தோடி எது, பைரவி எதுன்னு தெரிஞ்சுதாக்கும்?"

பயணத்தில் சொல்ல அதிகமில்லை. சிங்கப்பூரில் விமானம் மாறித் திருச்சி. 2024-ல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. குடியேற்ற வரிசையில் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. பழைய கட்டடத்தில் நின்ற கால்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அண்ணன் குடும்பம் சென்னை வரை வந்து, எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் மாயவரம் வந்தது. பொங்கலை ஒட்டி வருகிறவர்கள் கவனிக்க: ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாள் இல்லை, 60 நாள்தான். பழைய ஞாபகத்தில் செப்டம்பரிலேயே உட்கார்ந்து தேடி ஏமாந்தான் அண்ணன்.

இன்னொன்று, பணம். பூக்காரம்மா முதல் இளநீர்க் கடை வரை எல்லோரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023-ல் முதலில் அனுமதித்த 10 நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. ஆனால் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ வங்கிக் கணக்கோடு அந்த எண் இணைந்திருக்க வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துக்கொண்டு வாருங்கள். நான் ஊருக்கு வந்த பிறகு வங்கிக் கிளைக்கு மூன்று நாள் நடந்தேன். மூன்றாம் நாள் சரியானது, என்ன செய்தார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை.

திருக்கடையூர்க் கோயில் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த காலசம்ஹாரமூர்த்தி சந்நிதி இருப்பதால், அறுபது, எழுபது, எண்பது என்று எந்தப் படி தாண்டினாலும் ஜனங்கள் இங்கே வருகிறார்கள். முகூர்த்த நாளில் போனால் ஒரே மண்டபத்தில் ஏழெட்டுத் தம்பதிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஹோமகுண்டம், ஒரு வாத்தியார் கூட்டம், ஒரு மேளம். நாங்கள் போன அன்று எங்களுக்கு வலப்பக்கம் திருப்பூர்க் குடும்பம், இடப்பக்கம் மலேசியாவிலிருந்து வந்தவர்கள். இரண்டு நாயனம் இரண்டு சுருதியில் ஒலிக்க, நடுவில் எங்களுடைய 'ஒரு செட்' மூன்றாவது சுருதியில்.

அதில்தான் அந்தக் கூத்து நடந்தது. வலப்பக்கத்தில் யாரோ விரலை உயர்த்த, அவர்களுடைய கெட்டிமேளம் கொட்டியது. அப்பாவுக்கு வலது காது கொஞ்சம் நன்றாகக் கேட்கும். நம்முடையதுதான் என்று நினைத்துத் தாலியைக் கையில் எடுத்து அம்மாவின் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டார். வாத்தியார் மந்திரத்தின் பாதியில் இருந்தார். "இருங்கோ, இருங்கோ!" என்று அவர் பதற, அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஐம்பத்திரண்டு வருஷம் கழிச்சு இப்ப என்ன அவசரம்?" என்றாள். திருப்பூர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வீடியோக்காரர் அந்த நேரம் பார்த்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பட்டியலில் ஒன்பதாவது வரி அவர்.

ஏற்பாட்டாளரைக் குறை சொல்ல முடியாது. சொன்ன நேரம், சொன்ன சாமான். கலசத்தின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை ஏறும் என்பதை மட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தங்கும் விடுதிதான் மோசம். 'லிஃப்ட் உண்டு' என்று படம் போட்டிருந்தார்கள். லிஃப்ட் இருந்தது, கதவுக்கு முன்னால் தண்ணீர் கேன்களை அடுக்கியிருந்தார்கள். எண்பது தாண்டிய பெரியத்தையை இரண்டு மாடி நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். வயதானவர்களின் விழாவுக்கென்றே பிழைக்கும் ஊரில் இது நியாயமா? அன்று மாலையே அறையைக் காலி செய்து எல்லோரும் குத்தாலம் வீட்டுக்கே போய்விட்டோம். பத்து பேர் படுக்கிற கூடத்தில் பத்தொன்பது பேர். அதுதான் நன்றாகவும் இருந்தது.

வேன் ஓட்டிய தம்பி தங்கமானவன். வளைவுக்கு முன்னால் "அக்கா, பெரியவங்களைப் புடிச்சுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவான். அவனுடைய முதலாளி டிரைவர் பேட்டாவை இரண்டு தடவை எழுதியிருந்தார், கேட்டதும் ஒன்றை அடித்தார். அடுத்த நாள் காலை அதே வேனில் தரங்கம்பாடி போனோம். திருக்கடையூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டையைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். எனக்கு வெயில்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வீட்டு விருந்துக்குப் பேசிய சமையல் மாஸ்டர் முதலில் நீட்டிய மெனுவில் பன்னீர் பட்டர் மசாலா, குட்டி நான், கோபி மஞ்சூரியன், 'லைவ் தோசை கவுன்டர்'. "வெளிநாட்டுலேருந்து வந்திருக்கீங்க, உங்க பசங்களுக்குன்னு போட்டேம்மா" என்றார். அங்கே வாரம் தவறாமல் அதைத்தான் தின்கிறார்கள் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. காகிதத்தைக் கிழித்துவிட்டு வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார். காலையில் இட்லிக்குக் கடப்பா. மதியத்துக்கு வாழைப்பூ வடை, புடலங்காய்க் கூட்டு, கத்தரிக்காய்ப் பொடித்தூவல், பூசணிக்காய் மோர்க்குழம்பு, மணத்தக்காளி வத்தக்குழம்பு, பால் பாயசம். இனிப்புக்கு அசோகா.

கடப்பா இந்தப் பக்கத்துப் பண்டம். ஆந்திராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேக, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து விட்டு, வெள்ளையாக இறக்கி, கடைசியில் எலுமிச்சை பிழிவார்கள். சென்னையில் கேட்டால் குருமாவைக் கொண்டுவந்து வைப்பார்கள். அசோகா திருவையாற்றுச் சொத்து. மாஸ்டர் பின்கட்டில் விறகடுப்பு மூட்டிச் செய்தார். குழைய வெந்த பாசிப்பருப்பு, நெய்யில் வறுத்த கோதுமை மாவு, சர்க்கரை. சர்க்கரை விழுந்ததும் மொத்தமும் இளகிக்கொண்டது. அம்மா எட்டிப் பார்த்து, "தண்ணியாப் போச்சே" என்றாள். "இருங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு, ஆள் உயரக் கரண்டியை முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் துழாவினார். ஓரத்தில் நெய் கசிந்து, கரண்டியோடு மொத்தமும் ஒரே கட்டாகத் திரும்பியபோதுதான் அடுப்பிலிருந்து விறகை இழுத்தார். என் சின்னவன் இலையில் மூன்று தடவை வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இலையை எங்கள் பக்கம் மடிப்பதா அந்தப் பக்கம் மடிப்பதா என்று முழித்தான்.

மேளக்காரரைத் தேடியதுதான் பயணத்தின் நல்ல பகுதி. நரசிங்கன்பேட்டையில் நாயனம் செய்யும் பட்டறைக்கு அண்ணனும் நானும் போனோம். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள், அதுவும் பச்சை மரம் ஆகாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரம், தூண் என்று எழுபது எண்பது வருஷம் காய்ந்ததைத் தேடி வாங்குகிறார்கள். அப்பா வயது மரம் என்று நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் சுருதி தூக்கலான குட்டைத் திமிரிதான் அதிகம். ராஜரத்தினம் பிள்ளையின் யோசனையில் இதே ஊர் ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த நீளமான பாரி நாயனம்தான் இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. பட்டறைக்காரர் ஒரு வித்வானின் எண்ணைக் கொடுத்தார்.

போனில் வித்வான் கேட்ட முதல் கேள்வி பணம் பற்றியதல்ல. "கல்யாணப் பாட்டாம்மா, ராகமா?"

"ராகம். எங்கப்பாவுக்குத் தோடி கேக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மைக்கு வெப்பீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப வரேன்." பேக்கேஜில் மேளத்துக்கு ஒதுக்கியதைப்போல ஐந்து மடங்கு கேட்டார். இரண்டு நாயனம், இரண்டு தவில், நாலு பேர் உழைப்பு. பேரம் பேச அண்ணன் வாயெடுத்தான், நான் போனை வாங்கிக்கொண்டேன்.

வாசலில் கீற்றுப்பந்தல், ஜமக்காளம். வித்வான் கேட்ட வெந்நீர் ஒரு சொம்பில். நாயனத்தின் கழுத்தில் நூலில் கோத்துத் தொங்கிய ஏழெட்டுச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரப்படுத்தி 'பீ' என்று ஊதிப் பார்த்தார், முகம் சுளித்து மாற்றினார். நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டு சரியாக அமையாவிட்டால் மூன்றடி மரத்துக்குப் பேச்சில்லை. நான்காவதுதான் ஒத்துவந்தது. தவில்காரர் வலது கை விரல் ஒவ்வொன்றிலும் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். என் மகள் ஒன்றை வாங்கித் தட்டிப் பார்த்தாள்: துணியும் பசையும் இறுகிக் கல்லாகியிருந்தது. மல்லாரி வாசிப்பீர்களா என்று சிங்கப்பூர்த் தங்கை கேட்டாள். "அது சாமி புறப்பாட்டுக்கு உள்ளது தங்கச்சி, வீட்டுல வேண்டாமே" என்றார்.

தோடி ஏழேகாலுக்கு ஆரம்பித்தது. தெருவில் போன இரண்டு சைக்கிள்கள் நின்றன. எதிர்வீட்டு டிவி சத்தம் தானாகக் குறைந்தது. அப்பா நாற்காலியை விட்டு இறங்கி, யார் தடுத்தும் கேட்காமல் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் ராகம் மட்டும். ஒரு இடத்தில் வித்வான் மேல்காந்தாரத்தைப் பிடித்து விடாமல் நின்றபோது இரண்டாவது நாயனக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அப்பா அழவெல்லாம் இல்லை. தொடையில் தாளம் போட முயன்று, ராகத்துக்குத் தாளமில்லை என்று ஞாபகம் வந்தவராகக் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளும் கேட்டோம். காசில்லை, முண்டியடித்தால் இடம் உண்டு. நல்ல அனுபவம்தான். ஆனால் பிள்ளைகள் இப்போதும் பேசுவது வாசல் பந்தலைப் பற்றி.

மேளக்காரர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது தவில்காரர் வீட்டுக்கு அசோகா ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார். பந்தல் விளக்கு மட்டும் எரிந்தது. அம்மா ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இதே மாதிரியா வாசிச்சாரு அவரு?"

அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"தாத்தா மடியிலயே தூங்கிட்டேன்டி. ஆரம்பிச்சது மட்டும்தான் ஞாபகம்."