நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இணையக் காப்பகம்: பென்சில் குறிகளுக்காகவே திறக்கலாம்

சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் நடத்துநர்களின் வரலாறுதான் கைக்கு வரும். மாலர் வந்தார், டோஸ்கனினி விலகினார், பெர்ன்ஸ்டைன் கலக்கினார் என்று போகும். பின்வரிசை வயலின்காரர் வில்லை எந்தப் பக்கம் இழுத்தார் என்பதை யாரும் எழுதுவதில்லை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் லியான் லெவி டிஜிட்டல் காப்பகத்தில், இசைத்தாள்களில் போட்ட பென்சில் குறிகளாக அது கிடைக்கிறது. 2011இல் இணையத்துக்கு வந்த இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

வரலாற்றுக்காக வருபவர்களுக்கு முதலில் ஒன்று. இன்று உலகப் பெயர் பெற்ற இந்த ஆர்கெஸ்ட்ரா, 1842இல் யூரேலி கொரெல்லி ஹில் என்ற வயலின்காரரும் சக வாத்தியக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். யார் நடத்துவது, என்ன வாசிப்பது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்தார்கள். வரும்படியையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 7இல் பிராட்வேயின் அப்போலோ ரூம்ஸில் முதல் கச்சேரி. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் ஆரம்பித்து நெடுநேரம் நீண்டது. 1846 மே 20இல் காஸில் கார்டனில் ஒன்பதாம் சிம்பொனியை அமெரிக்காவில் முதன்முறையாக வாசித்ததும் இவர்களே. சொந்தமாக ஓர் அரங்கம் கட்டப் பணம் திரட்டத்தான் அந்தக் கச்சேரி. 1909இல் செல்வந்தர் குழு ஒன்று பொறுப்பை ஏற்றதும் கூட்டுறவு ஏற்பாடு முடிந்தது. மாலர் தலைமை நடத்துநராக வந்தது அதற்குப் பிறகு. ஆகவே இதன் முதல் 67 ஆண்டுகள் உறுப்பினர்களே கூடி நடத்திய ஆர்கெஸ்ட்ராவின் கதை. அதைப் படிக்க விரும்புபவர்கள் நிகழ்ச்சி நிரல்களோடு நின்றுவிடாமல் நிர்வாக ஆவணங்களுக்குள் இறங்க வேண்டும். நிரலில் மேடைதான் தெரியும், கணக்கு வழக்கெல்லாம் இந்த ஆவணங்களில்தான். இவை பெரும்பாலும் 1970 வரைக்கும்தான். நிகழ்ச்சி நிரல்கள் அதற்குப் பிந்திய காலத்துக்கும் உண்டு.

தேடும் முறை எளிது. இசையமைப்பாளர் பெயரையும் படைப்பின் பெயரையும் ஆங்கிலத்தில் கொடுத்து, பிறகு ஆவண வகையால் வடிகட்ட வேண்டும்: நிகழ்ச்சி நிரல், நடத்துநரின் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களும் ஒன்றாக இருக்கும் இசைத்தாள்), வாத்தியவாரியான பார்ட் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள்), படங்கள், நிர்வாகத் தாள்கள். வகையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பீத்தோவன் ஒருவருக்கே பட்டியல் மலைபோல் குவிந்துவிடும். ஆளைத் தேடும்போது முதலெழுத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பெயரை மட்டும் போடுவது நல்லது. போனில் திறக்கலாம்தான், ஆனால் பென்சில் குறிகளைப் படிக்கப் பெரிய திரை வேண்டும்.

ஸ்கோர்களில் முதலில் பார்க்க வேண்டியவை பெர்ன்ஸ்டைனுடையவை. அவர் இரண்டு நிறப் பென்சில் பயன்படுத்தினார். சிவப்பு, நூலகர் எல்லா வாத்தியக்காரர்களின் பார்ட்டுகளிலும் ஏற்ற வேண்டிய திருத்தம். நீலம், மேடையில் நடத்தும்போது தனக்கே நினைவூட்டிக்கொள்ள. இது தெரியாமல் பார்த்தால் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத்தான் தோன்றும். தெரிந்தால் ஒத்திகையே கண்முன் நடக்கும்.

ஊர் ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களுக்கு இந்தக் காப்பகத்தின் உண்மையான சரக்கு பார்ட்டுகள்தான். குறியில்லாத சுத்தமான பார்ட்டை இசைத்தாள்களை இலவசமாகத் தரும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்று சொல்லும் வில் குறிகளை இங்கே பார்த்து அதில் ஏற்றலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால் வம்பு. ஐந்தாம் சிம்பொனியின் முதல் நான்கு சுரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைத் துடிப்பு மௌனம், மூன்று குறுஞ்சுரம், பிறகு நீட்டிப் பிடிக்கும் சுரம். மேல்வில்லில் (நுனியிலிருந்து பிடி நோக்கித் தள்ளுவது) தொடங்கினால் மேல், கீழ், மேல் என்று போய் நீண்ட சுரம் கீழ்வில்லில் (பிடியிலிருந்து நுனி நோக்கி இழுப்பது), முழு எடையோடு விழும். கீழ்வில்லில் தொடங்கினால் அது மேல்வில்லுக்குப் போய்விடும். இதே உருவம் இரண்டாம் முறை வரும்போது நீட்டும் சுரம் இரண்டு பார் (தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு) நீளம். முதலாவது ஒரு பார்தான். வில்லை முதல் தடவை செலவழித்த அதே வேகத்தில் செலவழித்தால் பாதியில் தீர்ந்துவிடும்.

பெரிய ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16 பேர். மெல்லிய ஒலியில் நீண்ட சுரத்தொடரை ஒரே வில்லில் கொண்டுபோனாலும் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும். ஆறு பேர் அதையே செய்தால் ஒலி நூலாகத் தேய்ந்துவிடும். அங்கே வில்லை இரண்டாகப் பிரிப்பதே சரி. இன்னொரு சிக்கல், ஒரே பார்ட் பல பத்தாண்டு புழக்கத்தில் இருந்திருக்கும். ஒருவர் போட்டதை அடுத்தவர் அழித்து, அதற்கு மேல் வேறொருவர் போட்டிருப்பார். எது எந்த நடத்துநருக்காக என்று பார்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நடத்துநரின் ஸ்கோரோடு ஒப்பிட்டால்தான் ஓரளவு பிடிபடும்.

ஏற்றத் தொடங்கும் முன் பார் எண்களைப் போட்டுவிடுங்கள். பழைய பதிப்புகளில் ஒத்திகையில் இடத்தைச் சொல்ல உதவும் A, B, C போன்ற எழுத்துகள்தான் இருக்கும், புதியவற்றில் எண்களும் வரும். ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதி 502 பார். உங்கள் கணக்கு 502இல் முடியவில்லை என்றால் நடுவில் நீண்ட மௌனம் ஒன்றைத் தப்பாக எண்ணியிருக்கிறீர்கள். மூன்றாம் பகுதியில் இன்னும் கவனம் தேவை. சில பதிப்புகள் அதைத் திருப்பி வாசிக்கச் சொல்கின்றன, சில சொல்வதில்லை. இரண்டையும் கலந்து ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு வேறுவேறாகக் கொடுத்தால் ஒத்திகை அங்கேயே சரியும்.

அச்செடுக்கும்போது ஏ4 தாளில் சுருக்காதீர்கள். ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 7 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால், ஒரு ஸ்டாண்டைப் பகிரும் இரண்டு பேரில் ஒருவருக்காவது தெரியாது. ஏ3 தாளில் இரண்டு பக்கமாக எடுத்து நடுவில் மடிப்பதே வசதி.

காப்பகத்தில் பார்க்கக் கிடைப்பதெல்லாம் மேடையில் வாசிக்க அனுமதி பெற்றதாகாது. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை, இசையமைப்பாளர் இறந்த பிறகு 60 ஆண்டு. 1945இல் இறந்த பார்டோக்கும் 1957இல் இறந்த சிபேலியஸும் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியும் ஷோஸ்டகோவிச்சும் இன்னும் தாண்டவில்லை.

ஆய்வாளர்களுக்கு ஒரு தனி வசதியும் உண்டு. 1842 முதலான நிகழ்ச்சித் தரவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள, கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் (GitHub) தளத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தப் படைப்பு எந்தக் காலத்தில் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்று எண்ண வேண்டுமானால், தளத்தில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருக்காமல் நேரே அங்கே போவது உத்தமம்.

சும்மா சுற்றிப் பார்க்க வருபவர்கள், பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா இசை இயக்குநராக இருந்த 1978 முதல் 1991 வரையான ஆண்டுகளில் தொடங்கலாம். எல். சுப்பிரமணியம் தன் வயலினோடு ‘ஃபேண்டசி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ வாசித்த 1985 அதற்குள்தான் வருகிறது.