ஆழ்கடல் சோனாருக்குத் தனிச் சோதனைப் பயணமா, போகிற வழியில் சோதனையா?

கப்பலை நீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் டிரை டாக்கிலிருந்து இறங்கிய கப்பலுக்கும், சோனாரின் ஒலியை அனுப்பித் திரும்பக் கேட்கும் டிரான்ஸ்டியூசரையோ கப்பலின் ஆட்டத்தை அளக்கும் அசைவுணரியையோ மாற்றிய கப்பலுக்கும் இந்த அலசல் பொருந்தாது. அவற்றுக்கு முழுமையான சோதனைப் பயணம் கட்டாயம். கேள்வி எழுவது அதற்குப் பிந்தைய, எதுவும் மாறவில்லை என்று தோன்றும் ஆண்டுகளில்தான். பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் அனுப்பிக் கடற்தரையை வரைபடமாக்கும் மல்ட்டிபீம் சோனாரை ஆண்டுக்கொரு முறை தனியாக நாள் ஒதுக்கிச் சோதிப்பதா, அல்லது ஆய்வுப் பயணங்களின் போக்குவரத்து நேரத்திலேயே சிறு சோதனைகளாகப் பிரித்துச் செய்துகொள்வதா? பெரும்பாலும் வங்காள விரிகுடாவில் ஓடும் கப்பலொன்றில் 12 கிலோஹெர்ட்ஸ் கருவியைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் குழு இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தனிப் பயணத்தின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அமெரிக்காவின் ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பல் கள ஆண்டின் தொடக்கத்தில் ஷேக்டவுன் எனப்படும் சோதனைப் பயணம் ஒன்றை மேற்கொண்டு கருவிகளைச் சரிபார்த்துக்கொள்கிறது. அந்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுக் கப்பல்களுக்கென 2011 முதல் இயங்கும் மல்ட்டிபீம் ஆலோசனைக் குழுவும் கப்பலுக்கே ஆள் அனுப்பிச் சோதனைகளை நடத்தித் தருகிறது. நல்ல வானிலை, பொருத்தமான இடம், வேறு வேலை இல்லாத ஆட்கள் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைவது அத்தகைய பயணத்தில் மட்டுமே.

பேட்ச் டெஸ்ட் எனப்படும் அளவுத்திருத்தம், அசைவுணரிக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் இடையே எஞ்சியிருக்கும் ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), பிட்ச் (முன்பின் சாய்வு), ஹெட்டிங் (திசை) கோணப் பிழைகளைக் கண்டுபிடிப்பதற்கானது. ரோலுக்குச் சமதளத்தின் மேல் ஒரே கோட்டில் போயும் வந்தும் அளக்க வேண்டும். பிட்சுக்கு அதே முறையைச் சரிவின் மேல் செய்ய வேண்டும். ஹெட்டிங்குக்கு ஒரு மேட்டின் இரு பக்கங்களிலும் ஒரே திசையில் இரண்டு இணைகோடுகள் ஓட வேண்டும். ஆழ்கடலில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 4000 மீட்டர் ஆழத்தில் 60 பாகை சாய்ந்து செல்லும் கற்றை 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரையைத் தொட்டுத் திரும்பப் பத்து விநாடிக்கு மேல் ஆகிறது. போதிய அளவீடுகள் சேர வேண்டுமானால் கோடுகளும் நீளமாக இருந்தாக வேண்டும்.

இவற்றுள் ரோல்தான் படத்தை அதிகம் கெடுப்பது. அதே ஆழத்தில், அதே கற்றையில், 0.1 பாகை ரோல் பிழை ஏறத்தாழ 12 மீட்டர் ஆழப் பிழையாக மாறுகிறது. சர்வதேச நீர்வரைவியல் அமைப்பின் எஸ்-44 தரநிலை, இரண்டாம் வரிசை அளவைக்கு 4000 மீட்டரில் ஏறக்குறைய 92 மீட்டர் வரை அனுமதிக்கிறது என்பதால், இந்தப் பிழையோடும் தாராளமாகத் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஆனால் அடுத்தடுத்த கோடுகள் சேரும் இடமெல்லாம் படிக்கட்டுகள் முளைத்த வரைபடத்தைப் புவியியலாளரிடம் நீட்டிவிட்டுத் தரநிலையைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது.

இங்கே வங்காள விரிகுடா நமக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறியான வங்காள விசிறி அதன் தரையை மூடிக் கிடக்கிறது. பழைய வண்டல் கால்வாய்களைத் தவிர்த்துவிட்டால், ரோல் சோதனைக்கு அதைவிடச் சமமான தரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. போகும்போது ஓடிய கோட்டின் ஒரு பகுதியிலேயே திரும்பும்போதும் ஓடும்படி கேப்டனிடம் கேட்டுக்கொண்டால், எதிர்த்திசைக் கோடு கூடுதல் செலவின்றிக் கிடைத்துவிடுகிறது. சென்னையிலிருந்து புறப்படும் கப்பல் சில மணி நேரத்தில் கண்டச் சரிவைக் கடப்பதால் பிட்சுக்கும் ஓரளவு வழியுண்டு. ஹெட்டிங்தான் இந்த முறைக்குள் சரியாக அடங்குவதில்லை. கடலடியில் வடக்குத் தெற்காக நீளும் தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்துக்கு வடக்கே வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. ஆகவே நல்ல மேடு வேண்டுமென்றால் தெற்கே போகும் பயணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் தனிப் பயணமே மேல் என்றுதான் தோன்றும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: இந்தக் கருவியில் உண்மையில் காலப்போக்கில் மாறுவது எது என்ற கேள்வி. கப்பலின் அடித்தளத்தில் இறுக்கிப் பூட்டப்பட்ட டிரான்ஸ்டியூசரும் உள்ளே பூட்டப்பட்ட அசைவுணரியும், யாரும் கைவைக்காத வரை, தம் கோணத்தை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. மாறுவதெல்லாம் மெதுவாகத் தேய்பவை: டிரான்ஸ்டியூசரின் தனித்தனி உறுப்புகள் வலுவிழக்கின்றன, அதன் முகத்தில் பாசியும் கொட்டலசும் படிகின்றன, புரொப்பல்லரிலிருந்தும் இயந்திர அறையிலிருந்தும் வரும் இரைச்சல் கூடுகிறது. இவற்றில் எதுவும் ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. ஆண்டுக்கொரு முறை எடுக்கும் ஒற்றை அளவீடு, சென்ற ஆண்டைவிட மோசமா இல்லையா என்பதைச் சொல்லும். எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் வளர்கிறது, தோல்வி டிரை டாக்குக்கு முன்பா பின்பா வரும் என்பதைச் சொல்லாது. டிரை டாக் வாய்ப்போ பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. டிரான்ஸ்டியூசர் தொகுதிகளை மாற்ற வேண்டுமானால் அதற்கு வெகுமுன்பே பணம் ஒதுக்கிக் கொள்முதலைத் தொடங்கியாக வேண்டும் என்பதால், இந்த முன்னறிவிப்புதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் மூன்று பதிவுகளை எடுத்துவைக்கிறோம். கருவிக்குள்ளேயே இருக்கும் தற்சோதனையை ஓட்டி, ஒவ்வொரு சேனலின் (டிரான்ஸ்டியூசர் உறுப்புகளுக்கான மின்வழியின்) மின்மறுப்பு எண்ணையும் சேமிப்பது முதலாவது. அது நீரின் வெப்பநிலைக்கேற்பவும் சற்று மாறக்கூடும் என்பதால் வெப்பநிலையையும் உடன் எழுதிவைக்கிறோம். இரண்டாவது, இரைச்சல் சோதனை. துறைமுகத்தைவிட்டு ஆழமான நீருக்கு வந்தபின், சோனார் ஒலி எழுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் நிலையில், வேகத்தை இரண்டிரண்டு நாட் (மணிக்குக் கடல் மைல்) அளவில் கூட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு வேகத்திலும் சில நிமிடம் இரைச்சலை அளக்கிறோம். கப்பல் எப்படியும் வேகமெடுக்கத்தான் போகிறது. அதைப் படிப்படியாகச் செய்யச் சொல்வதற்குக் கேப்டன்கள் மறுப்பதில்லை. மூன்றாவது, வழக்கமான தரவிலிருந்தே கிடைப்பது: எந்த ஆழத்தில் எவ்வளவு அகலத்துக்குத் தரை தெரிகிறது என்ற வரைபடம். வண்டல் தரை பாறையைவிட வலுவற்ற எதிரொலியையே தருவதால், ஒரே பகுதியின் பழைய பதிவோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும்.

இந்தப் பதிவுகள் சில பயணங்களுக்குப் பிறகுதான் பேசத் தொடங்கின. மிதவேகத்தில் அமைதியாக இருந்த கப்பல், வழக்கமான பயண வேகத்தில் மட்டும் பயணத்துக்குப் பயணம் கூடுதலாக இரைந்துகொண்டு வந்தது. அகலமும் அதற்கேற்பச் சுருங்கியது. சேனல் எண்களில் மாற்றமில்லாததால் கோளாறு மின்னணுப் பகுதியில் இல்லை என்று தள்ளிவிட முடிந்தது. முக்குளிப்பவர்களைக் கொண்டு அடித்தளத்தையும் புரொப்பல்லரையும் சுத்தம் செய்த பிறகு, அடுத்த பயணத்தின் இரைச்சல் கோடு கீழிறங்கியது. இதைத் தனிப் பயணமும் ஒருவேளை கண்டுபிடித்திருக்கும்; ஆனால் அதற்குள் ஒரு பருவத்துத் தரவு முழுவதும் குறுகிய அகலத்தில் எடுத்து முடிக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தனிப் பயணத்துக்கு அமைதியான கடலைத் தேர்ந்தெடுப்பார்கள்; ஆய்வுப் பயணமோ பருவக்காற்றிலும் நடக்கும். முகப்பின் கீழ் அடிபட்டு இறங்கும் காற்றுக்குமிழிகள் டிரான்ஸ்டியூசரை மூடும்போது கருவி எவ்வளவு தாங்குகிறது என்பது எதிர் அலையில் ஓடும்போதுதான் தெரியும்.

எங்கள் முறையின் ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். நன்றாக அளந்து வைத்த ஓர் ஒப்பீட்டுத் தரையின் குறுக்கே ஓடி, கற்றை கற்றையாகத் துல்லியத்தைச் சோதிப்பது போகிற வழியில் ஒழுங்காக நடக்காது. ஆட்கள் மாறும்போது பதிவு விட்டுப்போகும். கருவியின் அமைப்புகளை யாராவது மாற்றிவிட்டுக் குறிப்பெழுதாமல் இருந்தால் ஒப்பீடே பொய்த்துவிடும். நீரில் ஒலியின் வேகமும் தொல்லை தருவது. மழையும் ஆற்று நீரும் சேர்ந்து வங்காள விரிகுடாவின் மேற்பரப்பில், குறிப்பாக வடக்கே, உப்பு குறைந்த அடுக்கை உருவாக்குகின்றன. உப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒலிவேகம் விநாடிக்கு 1.3 மீட்டர் அளவில் குறையும். ஓடும் கப்பலிலிருந்து வீசும் எக்ஸ்பிடி என்ற ஆய்வுக்கருவி வெப்பநிலையை மட்டுமே அளப்பது. ஆகவே ரோல் சோதனை செய்யும் நாளில், ஆய்வாளர்கள் எப்படியும் கப்பலை நிறுத்தி இறக்கும், உப்பையும் வெப்பநிலையையும் ஆழத்தோடு அளக்கும் சிடிடியின் அளவீட்டையே பயன்படுத்துகிறோம். ஒலிவேகப் பிழை இரு ஓரங்களையும் ஒருசேர மேலோ கீழோ வளைக்கும், ரோல் பிழை ஓர் ஓரத்தை உயர்த்தி மறு ஓரத்தைத் தாழ்த்தும் என்பதால், எதிரெதிர்க் கோடுகள் கையிலிருந்தால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது.

நான் சொன்னதெல்லாம் அடித்தளத்தில் நிலையாகப் பொருத்திய ஆழ்கடல் கருவிக்கானது. சோனாரைத் தாங்கியபடி கீழிறக்கி மேலேற்றக்கூடிய அடிப்பகுதி (drop keel) உள்ள கப்பல்களில் ஒவ்வோர் இறக்கத்துக்கும் கோணம் அதே இடத்தில் அமர்கிறதா என்ற ஐயம் எழும். அவற்றில் நான் வேலை செய்ததில்லை. கரையோர ஆழங்களுக்கான உயர் அதிர்வெண் சோனார்களில் ஓதமும் நேரத் தாமதமும் செண்டிமீட்டர் அளவிலான இடப்பெயர்வுகளும் கணக்கில் வருவதால், அங்கே பருவத்துக்கொரு தனிச் சோதனையே பொருத்தமாக இருக்கக்கூடும். எங்கள் கப்பலிலும் அசைவுணரியை மாற்றும் திட்டம் இருக்கிறது. மாற்றியபின் முதல் வேலையாகத் தெற்கே மலைத்தொடரின் மேல் முழு பேட்ச் டெஸ்டுக்கு நாள் கேட்டிருக்கிறோம்.