வெடிமருந்து நிறுத்த தராசு இப்போது பவுண் நிறுக்கிறது: ஆர்சிபிஎஸ் 5-0-5

பதினைந்து வருடம் ஒட்டாவாவில் என் நிலக்கீழ் அறை மேசையில் நின்ற தராசு, இப்போது மட்டக்களப்பில், புளியந்தீவில் என் கூட்டாளியின் நகைப்பட்டறையில் நிற்கிறது. கல்லடிக்குத் திரும்பி வந்தபோது ரைபிளையும் தோட்டாவுக்குப் போடும் வெடிமருந்தையும் வெற்றுத் தோட்டாக் கோதுகளையும் அங்கேயே உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்துவிட்டேன். இதை மட்டும் விட மனம் வரவில்லை. இரண்டு உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தேன்.

ஆர்சிபிஎஸ் என்ற கம்பனியின் 5-0-5 கோல்தராசு இது. 2009இல் ஒரு முதியவரிடம், அவர் பாவித்ததை 80 டொலருக்கு வாங்கினேன். பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு கோல், ஒரு தட்டு, கோலின் மேல் நகரும் மூன்று எடைக்கட்டிகள், அவ்வளவுதான். கோலின் கத்திமுனை அகேற் என்ற கடினமான கல்லில் உட்கார்ந்து ஆடும். கிரேன் என்ற சிறு எடை அலகில் 511 வரை நிறுக்கும். மிகச் சிறிய படி 0.1 கிரேன், அதாவது ஏறக்குறைய 6.5 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு 15.43 கிரேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒட்டாவாவின் கொனோட் சூட்டு மைதானத்தில் 900 மீற்றர் வரை இலக்குச் சுட்டவன். அந்தத் தூரத்துக்குக் கடைத் தோட்டா போதாது என்று சொல்லமாட்டேன். ஆனால் கையால் நிரப்பிய தோட்டாவில்தான் என் ரைபிள் தன் உண்மையான குணத்தைக் காட்டியது. ஒரே தொகுதிக் கோது, ஒரே நீளத்துக்கு வெட்டிய கழுத்து, ஒரே ஆழத்தில் இருத்திய குண்டு, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அப்படியிருந்தும் ஒரு கோடை முழுக்க என் சூடுகள் இலக்கில் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தன. காற்றைச் சரியாகவே கணித்திருந்தேன், பக்கவாட்டில் ஒன்றும் விலகவில்லை. மேலும் கீழும் மட்டும் விலகினால் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். குண்டின் வேகம் விநாடிக்கு 20 அடி கூடிக் குறைந்தாலே அவ்வளவு தூரத்தில் அரை அடிவரை ஏற்ற இறக்கம் வரும். வேகமானியை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். வேகம் துள்ளிக்கொண்டிருந்தது.

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை மாற்றினேன். கழுத்தின் இறுக்கத்தை மாற்றினேன். குற்றவாளி கடைசியில் என் மேசையிலேயே இருந்தது. அப்போது நான் பாவித்தது ஒரு மலிவான டிஜிட்டல் தராசு. பெயர் வேண்டாம். அந்த வகைத் தராசுகள் பலவற்றில், வெறும் தட்டு மெல்ல மெல்ல விலகினால் தானாகவே பூச்சியத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மருந்தை ஒவ்வொரு குச்சியாகச் சொட்டும்போது அது அந்தச் சிறு கூடுதலையும் விலகல் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. நீங்கள் போட்டுக்கொண்டே இருப்பீர்கள், இலக்கம் அசையாது. பிறகு திடீரென்று பாயும். குச்சி வடிவ மருந்தில் ஒரு குச்சியே ஏறக்குறைய 0.02 கிரேன்தான். தட்டைத் தூக்கித் திரும்ப வைத்தால் வேறொரு எண் வரும். திரையில் எத்தனை புள்ளி தெரிந்து என்ன? அதே பொருளைப் பத்துத் தரம் வைத்தால் பத்துத் தரமும் அதே எண் வரவேண்டும். தராசிடம் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

5-0-5 அதைத் தந்தது. ஒரே குண்டைப் பத்துத் தரம் வைத்தேன், முள் பத்துத் தரமும் அதே கோட்டில் நின்றது. அடுத்த கோடையில் அந்த நீட்டம் பாதிக்கும் கீழே சுருங்கியது. எல்லாம் தராசின் புண்ணியம் என்று சொல்வது பொய்யாகும். ஆனால் தராசை நம்பிய பிறகுதான் மற்ற ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க முடிந்தது. எந்தத் தராசு என்றாலும், தோட்டா நிரப்பும் கைநூலில் போட்ட தொடக்க மருந்தளவிலிருந்து மெல்ல ஏறுங்கள், உச்ச அளவைத் தாண்டாதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். “இதென்ன கா, பள்ளிக்கூடச் சாமான் மாதிரிக் கிடக்கு?” என்றான் கூட்டாளி. அவனுடைய தகப்பன், எண்பது தாண்டியவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கத்திமுனையை நெடுநேரம் பார்த்தார். “மனே, இதுக்கு எண்ணெய் பூசினியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பூசிடாத. எண்ணெய் தூசிய இழுக்கும்.” கனடாவில் எனக்குப் பழக்கியவரும் முதல் நாளே சொன்ன வார்த்தை அது.

சோதிக்கப் பவுண் ஒன்று வேண்டும் என்றேன். பெரியவர் பெட்டிக்குள்ளிருந்து ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட 1912ஆம் ஆண்டுக் காசு ஒன்றை எடுத்தார், தேயாதது. முழுப் பவுண் காசு 7.988 கிராம், 123.27 கிரேன். கட்டிகளை 123.3இல் வைத்தேன். கோல் இரண்டு மூன்று தரம் ஆடி நடுக்கோட்டில் நின்றது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, காசை எடுத்துத் துடைத்துத் திரும்பவும் வைத்தார். அதே கோடு. மருந்தும் பொன்னும் ஒரே கிரேனில் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இனி, வாங்க நினைப்பவர்களுக்கு.

நம்முடைய ஊரில் இதற்கு முதல் எதிரி காற்று. கச்சான் வீசும் மாதங்களில் யன்னல் திறந்திருந்தால் கோல் நிற்காது. மின்விசிறியையும் நிறுத்தவேண்டும். வியர்த்து வழிய வழியத்தான் நிறுக்க வேண்டியிருக்கும். மூன்று பக்கமும் மேலும் கண்ணாடி அடைத்த பெட்டி ஒன்று செய்தால் பாதித் தொல்லை தீரும். பழைய பொற்கொல்லர்கள் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் இதற்குத்தான்.

அடுத்தது இரும்புத்தூள். கோலின் ஆட்டத்தை அடக்க, அதன் நுனியில் உள்ள தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே தொடாமல் ஓடுகிறது. தொடாததால்தான் எடை மாறுவதில்லை. பட்டறையில் அரம் பிடிக்கும்போது பறக்கும் இரும்புப்பொடி அந்தக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வாரமே முள் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. நான் பதறிப்போனேன். ஒட்டும் நாடாவை மடித்து உள்ளே விட்டு எடுத்தால் கறுப்பாகப் பொடி வந்தது. சுத்தம் செய்ததும் பழைய நிலை. அரம் பிடிக்கும் மேசையில் இதை வைக்கவேண்டாம்.

முள்ளைக் கண்மட்டத்தில் பார்க்கவேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு தவறும். கூட்டாளியின் மகள் தன் பழைய போனை முள்ளுக்கு நேரே நிறுத்திவிட்டாள், கமராவில் பெரிதாகத் தெரிகிறது. குனியத் தேவையில்லை, என் முதுகுக்கு அது பெரிய உதவி. தட்டை வேறு தராசுத் தட்டோடு மாற்றிவிடாதீர்கள், ஒவ்வொரு தட்டும் அதனதன் கோலுக்கு இசைந்தது. இடத்தை மாற்றினால் அடியில் உள்ள திருகைத் திருப்பிப் பூச்சியம் பார்த்த பிறகே நிறுக்கவேண்டும்.

511 கிரேன் என்பது எட்டுக் கிராம் கணக்கில் நாலு பவுணுக்குச் சற்றுக் கூட. தாலிக்கொடி நிறுக்க இது ஆகாது. வேகமும் கிடையாது. கடையில் ஆட்கள் காத்து நிற்கும்போது கோல் ஆடி அடங்கும்வரை பொறுக்கமாட்டார்கள். விற்பனைக்கு அரச முத்திரை குத்திய தராசுதான் வேண்டும், அது வேறு விசயம். ஆனால் கடைத்தராசு இரண்டு புள்ளிவரை, அதாவது பத்து மில்லிகிராம் படியில் காட்டும்போது, இது அதைவிட நுணுக்கமாகக் காட்டுகிறது. பட்டறைக்குள் பொடியும் கம்பியும் நிறுத்துக் கொடுக்கவும் கடைத்தராசு விலகுகிறதா என்று காலையில் பார்க்கவும் இதற்கு நிகர் எனக்குத் தெரியாது. கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

தோட்டா நிரப்பும் வெளிநாட்டு உறவுகள் யாரும் வாசித்தால்: டிஜிட்டல் வைத்திருந்தாலும் ஒரு கோல்தராசைப் பக்கத்தில் வையுங்கள். சோதனை எடைக்கல் ஒரு தொகுதியும் வாங்குங்கள். அந்தக் கோடை முழுக்க நான் இழந்தது எடைக்கல் இல்லாததால்தான்.

போன கிழமை அம்மம்மாவின் பவுண் காசை எடுத்துக்கொண்டு போனேன். முப்பது வருடம் அவர் கழுத்தில் தொங்கியது, வளையம் கழற்றியது. 122.6. புழக்கத்தில் ஏற்கும் மிகக் குறைந்த எடை 122.5 கிரேன். “இன்னும் செல்லும் மனே” என்றார் பெரியவர். கண்ணாடிப் பெட்டிக்குப் பலகை வெட்டக் கொடுத்திருக்கிறோம், இந்தக் கிழமை வந்துவிடும்.