ரீஃப் தொட்டிப் பாறை வார்க்க வெள்ளை சிமெண்ட்: வாங்கலாமா?

ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டிக்கு, பாறை வார்க்கத் தாராளமாக வாங்கலாம். மூட்டையில் வெள்ளை போர்ட்லேண்ட் சிமெண்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பக்கத்தில் அடுக்கியிருக்கும் வால் புட்டியில் பாலிமர் இருக்கும், தொட்டிக்கு ஆகாது.

சிமெண்ட் 1 பங்கு, கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் உடைத்த சிப்பி 2 பங்கு, கல்லுப்பு 2 பங்கு. (பவளக்கல் தேடிப் போக வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது, காக்கவும் வேண்டும்.) சிமெண்டையும் சிப்பியையும் நீர் தெளித்துப் பிசைந்து, உப்பைக் கடைசியில் போடுங்கள். பிறகு ஊறும்போது உப்பு கரைந்துதான் பாறையில் துளைகள் விழும்; முன்பே போட்டால் அப்போதே கரைந்துபோய்த் துளைகள் சரியாக விழாது. பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. வழிந்தால் காய்ந்தபின் ஓரமெல்லாம் பொடியாக உதிரும். கையுறை கட்டாயம், ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும்.

பாறை வடிவில் பிடித்து, பாலித்தீன் சுற்றி 2 நாள் வைத்தபின் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். இதன் பெரிய குறையே இங்கேதான்: சுண்ணாம்பு கசிந்து நீரின் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 12 வரை ஏறும். 3 நாளுக்கொருமுறை நீரை மாற்றினாலும் அது இறங்க 6 முதல் 8 வாரம் பிடிக்கும். மாற்றிய அன்றே அளந்தால் ஏமாந்துபோவீர்கள். புது நீரில் 2 நாள் கிடந்த பிறகும் 8.4-ஐத் தாண்டவில்லை என்றால் தொட்டியில் இறக்கலாம்.