கண்காட்சி நன்று, விளக்குதான் மோசம்

அரூப க்வில்ட்டுகள் மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்த கண்காட்சி இது. ஜவுளிக் கலைஞர்கள் குழு ஒன்றின் படைப்புகள். பூ, பறவை, வீடு, முகம் எதுவும் கிடையாது. துணி, நூல், நிறம், கோடு, அவ்வளவுதான். கூடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் திட்டப்போவது அவர்கள் விளக்கு மாட்டிய லட்சணத்தை. கலைஞர்களுக்கு அதில் பங்கில்லை.

க்வில்ட் என்றால் போர்வைதானே, அதைச் சுவரில் மாட்டி என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். தையல் போகும் இடத்தில் துணி அமுங்கும், போகாத இடத்தில் பஞ்சு எழும்பி நிற்கும். அந்த மேடுபள்ளத்துக்காகத்தான் இத்தனை பாடு. நிறம் மட்டும் போதுமென்றால் கேன்வாஸில் தீட்டிவிட்டுப் போய்விடலாமே, மாதக்கணக்கில் ஊசியோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

முதல் கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க ஒரே படைப்பு. சாம்பலும் கரியுமாகப் படுக்கைவாட்டில் பட்டைகள், நடுவே ஒரே ஒரு மஞ்சள் பட்டை. ஒன்றுகூட நேராக இல்லை. அளவுகோல் வைக்காமல், சுழல் கத்தியை (சக்கரம்போல் உருளும் வட்டத்தகடு வைத்தது) கைபோன போக்கில் ஓட்டி வெட்டியவை. கை வளையும் இடத்தில் பட்டை லேசாகப் பெருத்து, மறுபடி ஒடுங்குகிறது. 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த கருவி அது; கத்தரிக்கோலை நிறுத்தி நிறுத்தி நகர்த்தினால் இந்த ஒரே வீச்சு வருவது கஷ்டம். வெட்டுவதைவிட இணைப்பது இன்னும் பாடு. ஒரு துண்டின் ஓரம் குழிந்திருக்கும், அதோடு சேரவேண்டியது புடைத்திருக்கும். கொஞ்சம் இழுத்துத் தைத்துவிட்டாலும் துணி பொங்கிக்கொண்டு நிற்கும், அப்புறம் எந்த அயர்ன் பெட்டியாலும் அதை அடக்க முடியாது. இவர் துணி எங்கேயும் பொங்கவில்லை.

சரி, தையல் எங்கே? தெரியவில்லை. கூரையில் வரிசையாக விளக்குகள், வெளிச்சம் நேராக முகத்தில் அறைகிற மாதிரி விழுகிறது, நிழலே இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது சாயம் அடித்த பலகை. நான் ஓரமாகப் போய், கன்னம் சுவரில் உரசாத குறையாகச் சாய்ந்து பார்த்தேன். (காவலர் முறைத்தார். முறைக்கட்டும்.) பட்டைகள் குறுக்கே ஓட, தையல் வரிகள் அவற்றைச் சட்டை செய்யாமல் மேலிருந்து கீழே இறங்குகின்றன. சாம்பலில் வரிக்கு வரி விரற்கடை இடைவெளி. மஞ்சளை நெருங்க நெருங்க அந்த இடைவெளி குறைந்து, மஞ்சளின்மேல் நூலை நூல் உரசுகிறது. அதனால் அந்தப் பட்டை மட்டும் விறைத்து உள்வாங்கிவிட்டது. சுற்றியிருக்கும் சாம்பல் உப்பி முன்னே நிற்கிறது. நிறத்தை மட்டும் பார்த்தால் மஞ்சள் முன்னே வருகிறது, துணியைப் பார்த்தால் பின்னே போகிறது. இந்த இழுபறிக்காகத்தான் அவர் அதைச் செய்திருக்கிறார். வந்தவர்களில் எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும்?

க்வில்ட்டைத் தையல் தெரியாதபடி ஓவியமாக மாட்டும் இந்த வியாதி பழையது. 1971-இல் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் தாங்கள் தேடிச் சேர்த்த பழைய அமெரிக்கக் கட்டில் க்வில்ட்டுகளை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் நவீன ஓவியம்போலவே மாட்டிக் காட்டினார்கள். பெயர் தெரியாத பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்ததைப் பார்த்து, நவீன ஓவியர்கள் பிற்பாடு செய்தது இங்கே முன்பே இருக்கிறதே என்று பேச்சு கிளம்பியது. அந்தக் கண்காட்சி நடந்திராவிட்டால் க்வில்ட் அருங்காட்சியகப் படியேற இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால், தள்ளி நின்று வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு நகரும் பழக்கமும் கூடவே தொற்றிக்கொண்டது என்றே நினைக்கிறேன். அமெரிக்காவின் லங்காஸ்டர் பகுதியில் எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்களின் பழைய கம்பளித்துணி க்வில்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நடுவே பெரிய சாய்சதுரம், ஆழ்ந்த நிறங்கள் இரண்டு மூன்று. கிட்டே போனால் வெறுமையாகத் தெரிந்த அந்த இடமெல்லாம் இறகும் வளையமுமாக நுண்தையல். அச்சுப்படத்தில் மட்டும் பார்த்தவருக்குச் சாய்சதுரம்தான் மிச்சம்.

இரண்டாவது கூடம் சாயக்காரர்களுடையது. எல்லாமே சொந்தமாகச் சாயம் ஏற்றிய பருத்தி. 1956-இல் ஐசிஐ என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ப்ரோசியான் வகைச் சாயங்கள்தான் இன்றும் இவர்களுக்குக் கைகொடுப்பவை. கொதிக்கவைக்க வேண்டாம். சலவைச் சோடா சேர்ந்தால் சாதாரண வெப்பத்திலேயே சாயம் பருத்தி நாரோடு வேதிப்பிணைப்பு கொண்டுவிடும், துவைத்தாலும் விடாது. தண்ணீரைக் குறைத்து, துணியைக் கசக்கித் திணித்துச் சாயம் ஊற்றினால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். அப்படிச் செய்த பச்சைகளை வைத்து ஒருவர் சதுரம் சதுரமாக இணைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உழைத்தது முழுக்கச் சாயம்தான். தையல் சும்மா ஒப்புக்குக் கட்டம் போட்டிருக்கிறது. அந்தத் துணியை அப்படியே விரித்து மாட்டியிருந்தாலும் இதே அழகுதான்.

அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு. நடுவில் அடர்த்தியாகத் தைத்துவிட்டு ஓரங்களைச் சும்மா விட்டதால் நடு சுருங்கி, நாலு ஓரமும் அலையடிக்கிறது. போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் பஞ்சு இழை இழையாக வெளியே எட்டிப்பார்க்கிறது; பாலியஸ்டர் பஞ்சாகத்தான் இருக்க வேண்டும். கறுப்புத் துணிக்குக் கறுப்புப் பஞ்சே கிடைக்கிறது. தேர்வுக்குழு இதை எப்படி உள்ளே விட்டது என்று புரியவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்த இரண்டு சின்னப் படைப்புகளைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை.

இந்தக் கூடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கார்டுராய், அதாவது வரிவரியாக மயிர் எழும்பி நிற்கும் துணியில் செய்த க்வில்ட். ஒரே பழுப்பு, வேறு நிறமே கிடையாது. கார்டுராயின் மயிர்வாக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் கருக்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வெளுக்கும். துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்தே ஒரு முழு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் க்வில்ட் தைக்கும் பெண்கள் ஞாபகம் வந்தார்கள். 1972-இல் அந்தப் பகுதித் தையல் கூட்டுறவுக்கு சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்திலிருந்து கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போய் க்வில்ட்டாயின. 2002-இல் அவர்களது க்வில்ட்டுகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு விட்னியிலும் தொங்கின. கார்டுராய் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேல்துணி ஒரு பக்கம் அடித்துணி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே மூலைகள் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் சந்திக்கின்றன.

மூன்றாவது ஒரு சின்ன அறை. இடம் போதவில்லையோ என்னவோ, விளக்கைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டியே மாட்டியிருக்கிறார்கள். அதனால் இங்கே எல்லாமே உயிரோடு இருக்கிறது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், துண்டுகளே இல்லாத ஒரு முழுத்துணி க்வில்ட். வெறும் ஓட்டுத்தையல், தடித்த நூலில், கையால். இடப்பக்கம் தையல்கள் நெல் நீளம், வலப்பக்கம் போகப் போகப் புள்ளியாகிவிடுகின்றன. ஒவ்வொரு தையலுக்குப் பின்னாலும் ஒரு நிழல் விழுவதால் வெள்ளை இடமிருந்து வலமாக மெல்ல மெல்லச் சாம்பலாகிறது. சாயமே தொடாத துணியில் இந்த வண்ணமாற்றம். இதே துணியை முதல் கூடத்தில் மாட்டியிருந்தால் யாரோ படுக்கை விரிப்பைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று தாண்டிப் போயிருப்போம்.

அங்கே வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். நான் குனிந்து குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, பின்னாடி பாக்குறீங்களா?" என்று கேட்டு ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். முடிச்சு ஒன்றுகூட இல்லை. நூல் முனைகளெல்லாம் பஞ்சுக்குள் புதைந்திருக்கின்றன. மேல்விளிம்பில் கட்டைச்சட்டம் நுழைக்கத் தைத்த நாலங்குல உறையையும் பார்த்தேன். உறைத்துணியைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுத் தைத்திருக்கிறார். அந்தத் தொய்வு இல்லாவிட்டால் சட்டத்தின் தடம் முன்பக்கம் புடைத்துத் தெரியும். சொந்தக் க்வில்ட்டைச் சுவரில் மாட்ட நினைப்பவர்கள் இதை அவசியம் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

"ஜவுளிக்கு 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் கூடாதே, அதான் அப்படி" என்று வெளியே வரும்போது அலுவலகத்தில் விளக்கம் சொன்னார்கள். அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு அது, நிறம் வெளுக்காமல் காக்க வேண்டும்தான். வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி யார் கேட்டார்கள்? அதே 50 லக்ஸைப் பக்கவாட்டிலிருந்து விழவிட்டால் முதல் கூடமும் மூன்றாவது அறை மாதிரி ஆகிவிடும். ஏணியும் ஒரு சாயங்கால நேரமும் போதும்.

பெயர்ப்பலகைகளும் சுமார்தான். தலைப்பு, அளவு, ஆண்டு, "கலப்பு ஊடகம்". என்ன துணி, கைத்தையலா மெஷினா, பஞ்சு கம்பளியா பருத்தியா என்று ஒன்றும் இல்லை. தைக்கத் தெரியாதவர்களும் இதையெல்லாம் கேட்கிறார்கள். கார்டுராய்க்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்டார். உட்கார்ந்து பார்க்கப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு சபாஷ்.

மதிப்பெண் கேட்டால், படைப்புகளுக்கு 5-க்கு 4, மாட்டிய விதத்துக்கு 2. போகலாமா என்றால் கட்டாயம் போங்கள், ஆனால் மூன்றாவது அறையில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். அங்கே கண் பழகிவிட்டால் முதல் கூடத்தில் எங்கே நின்று எப்படிச் சாய்ந்து பார்க்க வேண்டும் என்று தானே தெரிந்துவிடும். கையுறைக்காரர்கள் எல்லோரும் அந்தப் பெண்போலத் தாமாக முன்வர மாட்டார்கள், பின்பக்கம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாசலில் விற்கும் படத்தொகுப்பை மட்டும் வாங்கவேண்டாம். அதில் எல்லாவற்றையும் நேர்வெளிச்சத்தில்தான் படம் எடுத்திருக்கிறார்கள், அந்த வெள்ளைக் க்வில்ட் இருக்கும் பக்கம் வெற்றுத்தாள் மாதிரியே இருக்கிறது.