ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா: சின்னக் கடைக்கு எது தாங்கும்?

சின்னதாக ஓர் ஆன்லைன் கடை போட எந்த மென்பொருளை எடுப்பது என்பதற்கு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்டேட் போடுவதற்கு, பேக்கப் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பதற்கு, ராத்திரி தளம் படுத்துவிட்டால் எழுப்புவதற்கு இன்னார்தான் என்று ஓர் ஆளை உங்களால் கைகாட்ட முடியவில்லை என்றால், ஷாப்பிஃபை மாதிரி நிறுவனமே எல்லாவற்றையும் நடத்தித் தருகிற தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைகாட்ட முடிந்தால்தான் வூகாமர்ஸ், பிரெஸ்டாஷாப், ஓப்பன்கார்ட் என்று நாமே சர்வரில் ஏற்றி ஓட்டுகிற வகையைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்க வேண்டும். விலை, வசதி, அழகு எல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு வகையிலும் கடை அமைத்துக் கொடுப்பதும், பிறகு அதைக் கட்டி மேய்ப்பதும் என் பிழைப்பு. அதனால் இரண்டு பக்கத்து எரிச்சலும் எனக்கு அத்துப்படி.

வாடகை வீடா சொந்த வீடா என்று இதை ஒப்பிடுவது வழக்கம். அது அரைகுறையாகத்தான் பொருந்தும், ஏனென்றால் சொந்த சர்வர் என்று நாம் சொல்வதும் ஏதோ ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டி எடுத்த இடம்தான். குழாய் உடைந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா, நாமே முட்டுக்கொடுக்க வேண்டுமா என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் ஷாப்பிஃபை. டோபியாஸ் லூட்கேயும் கூட்டாளியும் 2004-இல் ஸ்னோடெவில் என்ற பெயரில் பனிச்சறுக்குப் பலகை விற்க ஆன்லைன் கடை போட்டார்கள், அப்போது கிடைத்த மென்பொருள் எதுவும் சரிப்படாமல் தாங்களே ஒன்றை எழுதினார்கள், 2006-இல் அந்த மென்பொருளையே விற்க ஆரம்பித்தார்கள். கடை நடத்திப் பார்த்தவர்கள் செய்தது என்பது ஆர்டர் திரையில் இன்றும் தெரிகிறது. பணம் வந்ததா, பொருள் போனதா என்பது மேலேயே இருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, வந்த பொருளைத் திரும்ப ஸ்டாக்கில் சேர்க்கவா என்று அதே இடத்தில் ஒரு டிக் பெட்டி கேட்கும். சின்ன விஷயம்தான். ஆனால் கணினியே பழக்கமில்லாத ஒருவரை உட்காரவைத்து ஒரே மதியத்தில் இந்தத் திரையைக் கற்றுக்கொடுத்துவிடலாம், வூகாமர்ஸில் அது நடக்காது.

செக்அவுட் பக்கம் அவர்கள் சர்வரில் ஓடுகிறது. கார்டு எண் உங்கள் பக்கம் வருவதே இல்லை, பிசிஐ எனப்படும் கார்டு பாதுகாப்பு விதிகளில் பெரும்பாரம் அவர்கள் தலையில். பெரிய தள்ளுபடி அறிவித்து ஒரே நேரத்தில் கூட்டம் மொய்த்தால் தாங்குமா என்று நீங்கள் பயப்பட வேண்டியதும் இல்லை.

இனி குறைகள். ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் என்ற அவர்களுடைய சொந்த வசதியை விட்டு வாடிக்கையாளரிடம் பணம் வசூலித்துத் தரும் வேறு பேமெண்ட் கேட்வே வைத்தால், அந்த கேட்வே எடுப்பது போக ஷாப்பிஃபையும் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பேசிக் திட்டத்தில் 2 சதவீதம், மேல் திட்டங்களில் குறையும். வேறு கேட்வே என்பது நாமே விரும்பி எடுத்த முடிவாக இருந்தால் பரவாயில்லை. ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் பல நாடுகளில் கிடைப்பதே இல்லை, ஆனாலும் பங்கு போகிறது என்பதுதான் கடுப்பு. விலையில் 40 சதவீதம் லாபம் நிற்கிறவருக்கு இந்த 2 உறைக்காது. 10 சதவீதத்தில் ஓட்டுகிறவருக்கு லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது ஆப், அதாவது கூடுதல் வசதிக்காகக் கடையில் சேர்க்கும் துணை மென்பொருள். வாங்கியவர்களின் கருத்துகளைக் காட்ட ஒன்று, பரிசு அட்டையோடு குறிப்பு எழுத ஒன்று, பில்லை வேண்டிய வடிவத்தில் அச்சடிக்க ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாதச் சந்தா. தளத்துக்குக் கட்டுவதைவிட ஆப்களுக்குக் கட்டுவது அதிகமாகிவிட்ட கடைகளை நிறையப் பார்க்கிறேன். போதாக்குறைக்கு, ஆப்பை நீக்கினாலும் பழைய பாணி ஆப்கள் தீமுக்குள் (கடையின் தோற்றத்தைத் தரும் வார்ப்புக்குள்) சொருகிய நிரல் வரிகள் அப்படியே கிடக்கும், பக்கம் மெதுவாகும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

ஒரு பொருளுக்கு 100 வகைக்கு மேல் கூடாது என்று பல வருடம் கட்டிப்போட்டிருந்தார்கள், இப்போது 2048 வரை போகலாம். ஆனால் அளவு, நிறம், துணி என்று மூன்று தலைப்புக்கு மேல் நாலாவது சேர்க்க முடியாது. இன்னொன்று, பலரும் நினைத்தே பார்க்காதது: உங்கள் ஆள் ஒரு தப்பான சிஎஸ்வி கோப்பை (பொருள், விலைப் பட்டியல் அட்டவணையாக இருக்கும் கோப்பு) ஏற்றி எல்லா விலையும் மாறிப்போனால், நேற்றைய நிலைக்குத் திருப்ப அங்கே ஒரு பட்டன் கிடையாது. நிறுவனம் தன் மொத்த அமைப்புக்குத்தான் பேக்கப் வைத்திருக்கிறது, உங்கள் கடையை மட்டும் பின்னால் இழுத்துத் தராது. ஏற்றுவதற்கு முன் பழைய பட்டியலை ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சரி, வூகாமர்ஸ். 2011-இல் வூதீம்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது, 2015-இல் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் வாங்கியது, வேர்ட்பிரஸ் என்ற இணையதளம் கட்டும் மென்பொருள் மேல் ஏறி உட்காரும் இலவச பிளக்இன், அதாவது துணை நிரல். இலவசம் என்பது உண்மைதான், கடை இலவசம் இல்லை. ஹோஸ்டிங், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய கட்டண பிளக்இன்கள், டெவலப்பர் கூலி எல்லாம் சேர்ந்தால் பல கடைகளில் ஷாப்பிஃபை செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இதற்கு வருகிறவர்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இது எங்கே அசைக்க முடியாதது என்றால், விற்கும் முறையே விசித்திரமாக இருக்கும் இடத்தில். திரைச்சீலை தைத்து விற்கிறார் ஒருவர் என்று வையுங்கள்: ஜன்னலின் அகலமும் உயரமும் வாடிக்கையாளர் தட்டச்சு செய்ய வேண்டும், துணி எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று கணக்காகி விலை வர வேண்டும், அதில் பாதியை முன்பணமாக இப்போது வாங்க வேண்டும், மீதி தைத்து முடிந்த பிறகு, மொத்தமாக வாங்கும் தையல்கடைகளுக்கு வேறு விலை. ஷாப்பிஃபையில் இதற்கு மூன்று நாலு ஆப்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்க வேண்டும், அவை ஒத்துப்போகும் என்று உறுதி சொல்ல யாரும் வரமாட்டார்கள். வூகாமர்ஸில் செக்அவுட்டின் ஒவ்வொரு படியிலும் நம் சொந்த வரிகளை நுழைக்க இடம் விட்டிருக்கிறார்கள், தெரிந்த டெவலப்பர் ஒரு சின்ன பிளக்இன் எழுதி முடித்துவிடுவார்.

தொல்லைகளும் நம்முடையவைதான். பக்கங்கள் வேகமாகத் திறக்க, ஒருமுறை உருவான பக்கத்தின் நகலைச் சேமித்து எல்லோருக்கும் காட்டும் கேஷ் வைப்பார்கள். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்று பக்கங்களையும் அதிலிருந்து விலக்கி வைக்காவிட்டால், ஒருவர் கூடையில் போட்டது இன்னொருவருக்குத் தெரியும், மோசமாகப் போனால் முகவரியோடு சேர்ந்தே தெரியும். நல்ல கேஷ் பிளக்இன்கள் தாமாகவே விலக்கிவிடும், ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வரில் தனியாக ஒரு கேஷ் வைத்திருந்தால் அங்கேயும் சொல்லியாக வேண்டும், அதைத்தான் மறப்பார்கள். இன்னொன்று வேர்ட்பிரஸின் கிரான். குறித்த நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள், யாராவது தளத்தைத் திறந்தால்தான் நகரும். நள்ளிரவில் தள்ளுபடி தொடங்கட்டும் என்று வைத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள், அதிகாலை வரை ஒருவரும் எட்டிப்பார்க்காவிட்டால் பழைய விலையே நிற்கும். சர்வரின் நிஜ கிரானில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. இதெல்லாம் தெரிந்தால் பத்து நிமிட வேலை, தெரியாதவருக்கு ஒரு வாரத் தலைவலி.

ஆர்டர் மெயில் ஸ்பேமில் விழுவதும் அப்படித்தான். சர்வரிலிருந்து நேராக அனுப்பாமல் மெயில் அனுப்பவே இருக்கிற சேவை ஒன்றை வைத்து, மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டொமைனில் போட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹுவும் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டன.

பேக்கப் பற்றி ஒரு புலம்பல். தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு ஹோஸ்டிங் நிறுவனம், கேட்ட அன்று கொடுத்தது கோப்புகளை மட்டும். டேட்டாபேஸ் இல்லை. ஆர்டர், வாடிக்கையாளர், விலை எல்லாம் இருப்பது டேட்டாபேஸில்தான், படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய? டேட்டாபேஸ் கிடைத்தாலும் நேற்றைய பிரதியைத் திருப்பி ஏற்றினால் இன்று காலை வந்த ஆர்டர்கள் மறைந்துவிடும், பணம் மட்டும் கேட்வேயில் வந்து நிற்கும். ஓடுகிற கடையைப் பின்னால் இழுப்பது வலைப்பதிவைத் திருப்புவது மாதிரி கிடையாது.

பழைய பதிப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மெஜெண்டோ 1 என்ற கடை மென்பொருளின் கதை போதும். 2020 ஜூன் 30-உடன் அதற்கான ஆதரவு நின்றது. செப்டம்பரில் ஒரே வாரஇறுதியில் கிட்டத்தட்ட 2000 கடைகளின் செக்அவுட் பக்கத்தில் கார்டு விவரம் திருடும் ஸ்கிரிப்ட் ஏறியது, பெரும்பாலானவை அந்தப் பழைய பதிப்பில் இருந்தவை. வூகாமர்ஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அதே பதிப்பில் ஓடும் வூகாமர்ஸ் கடை இன்னும் கண்ணில் படுகிறது.

அதற்காக நடத்தித் தருகிற தளம் என்றால் காலத்துக்கும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மெஜெண்டோவையே நிறுவனம் நடத்தித் தந்த மெஜெண்டோ கோ 2015-இல் மூடப்பட்டது, அமேசான் வெப்ஸ்டோர் 2016-இல். அவ்வளவு பெரிய நிறுவனங்களே கதவைச் சாத்தின. அதனால் எதில் சேர்ந்தாலும் வெளியே வருவது எப்படி என்பதையும் சேரும்போதே பாருங்கள். பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் மூன்றையும் ஷாப்பிஃபை சிஎஸ்வியாகக் கொடுத்துவிடும். கடவுச்சொற்கள் வராது, கருத்துகள் அந்தந்த ஆப்பில் மாட்டிக்கிடக்கும். பொருள் பக்கங்களின் இணைய முகவரியில் இன்னொரு வேடிக்கை: ஷாப்பிஃபையில் அது எப்போதும் 'புராடக்ட்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வரும், மாற்ற விடமாட்டார்கள். வூகாமர்ஸில் அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எனவே ஷாப்பிஃபையிலிருந்து வூகாமர்ஸுக்கு வந்தால் பொருள் பக்கங்களுக்குப் பழைய முகவரிகளையே காப்பாற்றிக்கொள்ளலாம். வூகாமர்ஸிலிருந்து ஷாப்பிஃபைக்குப் போனால் ஒவ்வொன்றுக்கும், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பிவிடல் போட வேண்டும், இல்லாவிட்டால் கூகுளில் சேர்த்துவைத்த இடம் கரையும். டொமைனை மட்டும் தளத்திடமோ டெவலப்பர் பெயரிலோ விடாமல், தனியாக, உங்கள் பெயரில் வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. பிக்காமர்ஸ் விற்பனையில் பங்கு கேட்காது, ஆனால் வருட விற்பனை வரம்பைத் தாண்டினால் அடுத்த திட்டத்துக்கு ஏற்றிவிடும். விக்ஸ் பத்துப் பதினைந்து பொருள் வைத்திருப்பவருக்கு அழகாக இருக்கும், கட்டிய தளத்தை அப்படியே வெளியே எடுத்துப்போக முடியாது. அடோபி கையில் இருக்கும் இன்றைய மெஜெண்டோ சின்னக் கடைக்கு வேண்டவே வேண்டாம்.

எதை எடுத்தாலும், சோதனைக் காலத்தில் தீம்களை மாற்றி மாற்றி அழகு பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, கூப்பன் போட்டு இரண்டு பொருள் வாங்கி, அதில் ஒன்றுக்கு மட்டும் பணத்தைத் திருப்பிப் பாருங்கள். கூப்பன் எப்படிப் பிரிகிறது, வரி சரியாகக் கழிகிறதா, வாடிக்கையாளருக்கு மெயிலில் என்ன தொகை போகிறது என்று எல்லாம் அதில் வெளியே வரும். வூகாமர்ஸில் சில கேட்வே பிளக்இன்களுக்குப் பணத்தைத் தாமாகத் திருப்பி அனுப்பும் வசதி கிடையாது. அங்கே இருப்பது கைமுறை பட்டன் மட்டும். அதை அழுத்தினால் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கில் ஏறும், பணம் ஒரு பைசா நகராது, கேட்வே தளத்துக்குப் போய் இன்னொரு தடவை செய்ய வேண்டும். பிளக்இன்னுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.