62,000 ரூபா போச்சு. பழைய ப்ரோ கேமரா வாங்கப் போறவங்க கொஞ்சம் நின்னு படிச்சிட்டு போங்க

இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. சாதா கேமரா புதுசா வாங்கறதா இல்ல ப்ரோ கேமரா பழசா வாங்கறதான்னு என்கிட்ட ஒரு பத்து பேராவது கேட்டிருப்பீங்க, நானும் வாங்கி ஒரு மாசம் ஓட்டிட்டு விவரமா எழுதறேன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரு மாசம் எங்க ஓடுச்சு, 19 நாள்தான் ஓடுச்சு.

நான் விழுப்புரம் பக்கம். வார நாள்ல வேற வேலை, ஞாயித்துக்கிழமை, முகூர்த்த நாள்ல எல்லாம் காதுகுத்து, சடங்கு, நிச்சயதார்த்தம்னு போட்டோ எடுக்கப் போவேன். கையில இருந்தது நிக்கான் டி3400ன்ற சாதா கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ். பகல்ல கோயில் வாசல்ல வச்சு எடுத்தா அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. மண்டபத்துக்குள்ள போனாதான் தொல்லை, அந்த சீரியல் லைட்டுல ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த கூட்டிக் காட்டற செட்டிங்) 3200க்கு ஏத்தினா பொண்ணு முகத்துல ரவைய தூவின மாதிரி புள்ளி புள்ளியா நிக்கும். அதுல கார்டு போடற இடமும் ஒண்ணுதான், கார்டு மண்டைய போட்டுச்சுன்னா விசேஷமே போச்சு.

அதனால பெருசா ஒண்ணு எடுக்கலாம்னு ஆறு மாசமா யோசனை. எங்க மாப்ள ஒருத்தன் (அவன் சொல்றத என்னிக்குதான் நான் கேட்டேன்) புதுசா நிக்கான் இசட்30ன்ற சாதா கேமராவ எடு மாப்ள, வாரண்டி இருக்கு, இல்லன்னா இருக்கற கேமராவுக்கே ஒரு 50எம்எம் 1.8 லென்சும் நல்ல ஃப்ளாஷும் வாங்கிக்கோ, இருபதாயிரத்துக்குள்ள வேலை முடிஞ்சுரும்னான். எனக்கு மனசு வரல. உண்மைய சொல்றேன், இசட்30ல கண்ண வச்சு பாக்க வியூஃபைண்டரே கிடையாது, மண்டபத்துல மொபைல் புடிச்ச மாதிரி கைய நீட்டிக்கிட்டு நின்னா எவன் நம்மள போட்டோகிராஃபர்னு மதிப்பான்ற நெனப்பு. இந்த நெனப்புக்குதான் 62,000 ரூபா குடுத்திருக்கேன்.

நிக்கான் டி750ன்ற ப்ரோ கேமரா மேலதான் கண்ணு. 2014ல வந்த மாடல், பழசுதான், ஆனா ஃபுல் ஃபிரேம், அதாவது படத்த பதியற சென்சார் பெருசு. சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், என் டி3400 சென்சார விட பரப்புல ரெண்டு மடங்குக்கும் மேல. ரெண்டுமே 24 மெகாபிக்சல்தான், அதனால மெகாபிக்சல மட்டும் பாத்து ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க, கம்மி வெளிச்சத்துல நிக்கறது சென்சார் சைஸ்தான். ரெண்டு எஸ்டி கார்டு வேற போடலாம். இதெல்லாம் பொய் இல்ல, இப்பவும் சொல்றேன் அது நல்ல கேமரா. எனக்கு வந்தது நல்ல கேமரா இல்ல, அவ்ளோதான்.

கடை சென்னையில, பழைய கேமரா வாங்கி விக்கற மாடிக்கடை. பேர் போட மாட்டேன், புகார் குடுத்திருக்கேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். முதல்ல வாட்ஸ்அப்லதான் பேசினேன். ஷட்டர் கவுன்ட் (அந்த கேமராவுல இதுவரைக்கும் எத்தனை கிளிக் எடுத்திருக்குன்ற கணக்கு) எவ்ளோன்னு கேட்டதுக்கு கடைப்பையன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், 21,340. கூட ரெண்டு சாம்பிள் போட்டோ. அடேங்கப்பா, 1,50,000 கிளிக் தாங்கும்னு கம்பெனியே டெஸ்ட் பண்ணி சொன்ன ஷட்டர், 21,000தான் ஓடிருக்குன்னா புதுசு மாதிரின்னு நெனச்சு உடனே ஆயிரம் ரூபா ஜிபேல அட்வான்ஸ் போட்டேன். அந்த சாம்பிள் போட்டோவ நானே செக் பண்ணிருக்கணும்னு இப்ப கேப்பீங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பினா அதுக்குள்ள இருக்கற எக்சிஃப் விவரம் (எந்த கேமரா, எந்த செட்டிங்னு ஃபைலுக்குள்ள பதிஞ்சிருக்கற தகவல்) எல்லாம் கழண்டுரும், டாக்குமென்ட்டா அனுப்பினாதான் தங்கும். இது எனக்கு அன்னிக்கு தெரியாதா? தெரியும். அதான் வயித்தெரிச்சல்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி போனேன். நான் விழுந்த இடம் எதுன்னா இதுதான். ஓனர் அம்பது வயசு ஆளு, நெத்தியில விபூதி, உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தார். கண்ணாடி ஷெல்ஃப்ல டி850 ஒண்ணு இருந்துச்சு, நான் அத பாத்தத பாத்துட்டு அவரே சொல்றார், "தம்பி அது உங்களுக்கு வேணாம், 45 மெகாபிக்சல் ஃபைலுக்கு உங்க லேப்டாப் திணறும், ஆல்பம் போடறதுக்கு 750யே தாராளம், காச வீணாக்காதீங்க." விலை ஜாஸ்தியான சாமான வேணாம்னு ஒரு வியாபாரி சொன்னா நீங்க என்ன நெனைப்பீங்க? நானும் அதான் நெனச்சேன். உங்க பழைய லென்சும் இதுல மாட்டும் தம்பின்னு வேற சொன்னார். மாட்டும், மறுக்கல, ஆனா அது சின்ன சென்சாருக்கு செஞ்ச லென்ஸ், மாட்டினா கேமரா ஓரத்த எல்லாம் வெட்டிட்டு பத்து மெகாபிக்சல்தான் குடுக்கும், அத வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்.

கேமரா கைக்கு வந்துச்சு. பிடிக்கற ரப்பர் புத்தம்புதுசு, மூக்குகிட்ட கொண்டுபோனா பசை வாசனை. ஆனா மேல ஃப்ளாஷ் சொருகற இடத்துல ரெண்டு பக்க தண்டவாளமும் கருப்பு பெயின்ட் போய் வெள்ளி மாதிரி பளபளன்னு தேஞ்சு கெடக்கு. 21,000 கிளிக் ஓடின கேமராவுல அது எப்டி தேயும்? கண்ணுல பட்டுச்சுங்க. பட்டுச்சு, வாய்வரைக்கும் வந்துச்சு, டீ குடிச்ச மரியாதைக்கு கேக்கல. என் கார்ட எடுத்தேன் போட்டு பாக்கலாம்னு, பையன் "எதுக்கு ப்ரோ, நம்ம கார்டே உள்ள இருக்கு"ன்னு அவனே நாலு போட்டோ எடுத்து கடை மானிட்டர்ல போட்டு காமிச்சான். பிரமாதமா இருந்துச்சு. கடை லைட்டுல, கடை லென்சுல, கடை மானிட்டர்ல எதுதான் பிரமாதமா இருக்காது.

64,000 சொன்னார். கேஷா குடுத்தா ரெண்டாயிரம் கம்மின்னார். பேட்டரி ரெண்டு, 50எம்எம் லென்ஸ் ஒண்ணு சேத்து மொத்தம் 62,000. இதுல 40,000 வீட்டுல அவங்க சீட்டு எடுத்த காசு. பில்லுன்னு குடுத்தது மேல எஸ்டிமேட்னு அச்சடிச்ச ஒரு சீட்டு, டி750 பாடி 1, லென்ஸ் 1னு எழுதி கீழ கிறுக்கினாப்ல ஒரு கையெழுத்து. சீரியல் நம்பர் கிடையாது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டின்னு வாயில சொன்னாங்க. அந்த வாரம் பாத்து முகூர்த்தமே இல்ல, மொட்டை மாடில காக்காவையும் பக்கத்து வீட்டு பசங்களையும் எடுத்துட்டு இருந்தேன், ஏழு நாள் போயிருச்சு.

பத்தொன்பதாவது நாள் ஒரு காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில, ஆசாரி ஒரு காதுல குத்தி முடிச்சுட்டார், அது எடுத்துட்டேன். குழந்தை வீறிட்டு அழுவுது, நாலு பொம்பளைங்க பொட்டுக்கடலைய காமிச்சு ஏமாத்தறாங்க, ஆசாரி இன்னொரு காத புடிக்கறார், நான் அமுக்கறேன், டப்புனு ஒரு சத்தம். வியூஃபைண்டர் முழுக்க கருப்பு. மேல குட்டி டிஸ்ப்ளேல Errனு, அதாவது எரர்னு மின்னுது. ஆஃப் பண்றேன், ஆன் பண்றேன், பேட்டரிய புடுங்கி போடறேன், லென்ஸ கழட்டி பாத்தா உள்ள இருக்கற கண்ணாடி மேல்பக்கமா ஏறி நிக்குது, பின்னாடி ஷட்டர் தகடு ஒண்ணு கோணலா தொங்குது. தாய்மாமன் "என்னாச்சு தம்பி எடுத்தாச்சா"ங்கறார். ரெண்டாவது காத மொபைல்ல எடுத்தேன், அதுக்குள்ள ஆசாரி தோடு மாட்டிட்டு கைய தொடச்சுக்கிட்டு இருக்கார். டி3400அ வீட்டுலயே வச்சிட்டு போயிருந்தேன், பெரிய கேமரா வந்துருச்சுல்ல.

மறுநாள் கேமரா மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காமிச்சேன். தொறந்து பாத்துட்டு ஷட்டர் போச்சு, மாத்த 18,400 ஆகும், இது நல்லா ஓடின ஸ்டுடியோ கேமராண்ணேன்னார். அப்பதான் வீட்டுக்கு வந்து, வாங்கின அன்னிக்கு ராத்திரி என் கார்டுல எடுத்த முதல் போட்டோவ எடுத்து ஷட்டர் கவுன்ட் பாக்கற சைட்ல போட்டேன். நிக்கான்ல இது ஒவ்வொரு ஜேபெக் ஃபைலுக்குள்ளயும் இருக்கும், சீரியல் நம்பரோட. 2,06,018. 21,340 இல்ல. ரெண்டு லட்சத்து ஆறாயிரத்து பதினெட்டு. அந்த ஃபைல் 19 நாளா என் லேப்டாப்லதான் இருந்துச்சு.

போன் பண்ணேன். ஓனர் வெளிய இருக்கார். சாயந்திரம் பண்ணேன், ஓனர் சாப்பிடறார். வாட்ஸ்அப்ல ஃபைல போட்டேன், ப்ளூ டிக், பதில் இல்ல. மறுபடி 320 ரூபா பஸ்ஸுக்கு செலவு பண்ணி நேர்ல போய் நின்னேன், டீ எல்லாம் வரல. "ஷட்டர்ன்றது டயர் மாதிரி சார், டயருக்கு எவனாவது வாரண்டி குடுப்பானா?" தம்பி போய் சார் ஆயிட்டேன் பாருங்க. டயர் தேஞ்சதுன்னு சொல்லி வித்தீங்களாண்ணேன்னு கேட்டேன், அந்த ஸ்கிரீன்ஷாட் வேற கேமராவோடதா இருக்கும், பையன் மாத்தி அனுப்பிருப்பான்னார். பையன கூப்புடுங்கன்னேன், லீவாம். உள்ள இருந்து அவன் குரல் கேக்குது! அப்பறம் நீங்கதான் கீழ போட்டிருப்பீங்கன்னாங்க, அப்பறம் தண்ணி பட்டிருக்கும்னாங்க, கடைசியா பெரிய மனசு பண்ணி "வேணும்னா 28,000க்கு நானே எடுத்துக்கறேன்"னார். 62,000க்கு வித்தத மூணு வாரத்துல 28,000க்கு. லென்ஸ், பேட்டரியோட.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிஞ்சிருக்கேன். பில் இருக்கான்னு கேட்டாங்க. 61,000 கையில குடுத்த காசு, கணக்குல இருக்கறது அந்த ஆயிரம் ரூபா ஜிபே மட்டும்தான். அஞ்சு லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கட்டணம் இல்லாம கேஸ் போடலாம், போடத்தான் போறேன், வாட்ஸ்அப் சாட் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.

இன்னிக்கு எதுக்கு உக்காந்து எழுதறேன்னா, காலைல அந்த கடை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாத்தேன். இன்னொரு டி750, வேற பெல்ட், வேற லென்ஸ். கூட அதே ஸ்கிரீன்ஷாட், அதே 21,340.

எந்த கேமரா வாங்கலாம்னு கேட்டவங்களுக்கு விவரமா எழுதற நிலையில நான் இல்ல, சுருக்கமா சொல்லிடறேன். சொந்த கார்டு கொண்டு போங்க, நீங்களே எடுங்க, கடையில நின்னே அந்த ஃபைல போட்டு கவுன்ட்டும் சீரியல் நம்பரும் பாருங்க, கேமரா பாடில அச்சடிச்சிருக்கற நம்பரோட ஒத்துப்போகணும். கேனான்ல நிறைய மாடலுக்கு ஃபைல்ல கவுன்ட் வராது, கேபிள் போட்டு சாஃப்ட்வேர்ல பாக்கணும், காமிக்க மாட்டேன்னா கெளம்பி வந்துருங்க. சீரியல் நம்பர் எழுதின ஜிஎஸ்டி பில் இல்லாம பத்து பைசா குடுக்காதீங்க, கேஷ் வேணவே வேணாம். ஃப்ளாஷ் சொருகற இடத்த பாருங்க. சாதா கேமராவா ப்ரோ கேமராவான்றது அப்பறம். வாரத்துக்கு ஒரு விசேஷம் எடுக்கறவனுக்கு புது சாதா கேமராவும் ஒரு நல்ல லென்சும் போதும்னுதான் இப்ப எனக்கு தோணுது, மாப்ள இத படிச்சா சிரிக்காதடா.

பேட்டரி, லென்ஸ் பத்தியும் எழுதணும்னு இருந்தேன். காதுகுத்து வீட்டுக்காரர் மூணாவது தடவையா கூப்பிடறார், ரெண்டாவது காது போட்டோ எங்கன்னு கேப்பார், போய் பேசிட்டு வரேன்.